மீனுக்கு ஐஸ், மனிதனுக்கு ஈரத்துணி

கச்சான் வீசத் தொடங்கினால் திருகோணமலையில் ஒரு பேச்சும் கூடவே கிளம்பிவிடும். வேலைத்தளத்தில் யாரோ வெயிலில் சுருண்டு விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் பிழைக்கவில்லை என்று எங்கிருந்தாவது ஒரு செய்தி வந்தால் போதும். "கொழும்பு என்றால் தப்பியிருப்பார். உடம்பைக் குளிராக்குகிற மெசின் இங்கே எங்கே இருக்கிறது?" தேநீர்க்கடையில் சொல்வதும் இதைத்தான். கனடாவிலிருந்து நன்கொடை அனுப்பும் உறவினர் விலை விசாரிப்பதும் இதைத்தான். படித்தவர்கள் மேடையில் கோரிக்கையாக வைப்பதும் இதையேதான். இந்தப் பேச்சில் ஊர்ப்பற்று இருக்கிறது, ஆதங்கம் இருக்கிறது. ஆனால் விழுந்தவரின் உயிருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை என்பது என் கட்சி.

எதிர்த்தரப்பை அதன் பலத்தோடே எடுத்துவைக்கிறேன். வெப்பத்தாக்கு வெறும் மயக்கம் அல்ல. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, புத்தி தடுமாறி, பிறகு ஈரல், சிறுநீரகம், இரத்தம் உறையும் ஒழுங்கு என்று ஒவ்வொன்றாய்க் கெட்டுப்போகும் நோய் அது. அதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். கூடிநிற்பவர்கள் கண்டபடி ஐஸைக் கொட்டினால் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே அடைபட்டுவிடும். நடுக்கம் எடுத்தால் சூடு இன்னும் ஏறும். அளவு தப்பினால் இதயத்துடிப்பே குழம்பும். ஆகவே ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டு, 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் பத்திரம். அங்கே பாகை பாகையாய்க் கணக்கிட்டு வெப்பத்தை இறக்கும் கருவியும் இருந்தால் குறை ஏதும் இல்லை. இதுதான் அவர்கள் வாதம். நோயைப் பற்றி இதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் சரி. வைத்தியத்தைப் பற்றிச் சொன்னதோ ஏறக்குறைய முழுவதும் பிழை.

(இடையில் ஒரு சொல் வழக்கு. நம் பத்திரிகைகள் 'ஹீட் ஸ்ட்ரோக்'கை 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதுகின்றன. கை கால் இழுத்துக்கொள்ளும் நோய் என்று நினைத்து, இழுக்காதவரை ஆபத்தில்லை என்று காத்திருப்பவனை யார் குற்றம் சொல்வது? நான் வெப்பத்தாக்கு என்றே எழுதுகிறேன்.)

1. எந்த மணிக்கூட்டைப் பார்த்து 'அனுப்பிவைப்போம்' என்கிறீர்கள்? இந்த நோயில் உறுப்புகளைக் கெடுப்பது சூட்டின் உச்சம் மட்டுமல்ல, அந்த உச்சத்தில் கழிந்த நிமிடங்களும்தான். விழுந்த நேரத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் உள்வெப்பத்தை 39 பாகைக்கு இறக்கிவிட வேண்டும் என்பதே உழைப்பினால் வரும் வெப்பத்தாக்குக்கு வைத்திய உலகம் வைத்திருக்கும் கெடு. அதனால்தான் 'முதலில் குளிர்வி, பிறகு ஏற்று' என்று விதி செய்தார்கள். இதை நம் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். புல்மோட்டைக் கனியமணல் வேலைத்தளத்திலிருந்து திருமலை நகருக்கு ஐம்பது கிலோமீற்றர் சுமாருக்குக் கரையோர வீதி. மூதூரிலிருந்து வருகிறவர் குடாவைச் சுற்றித்தான் வர வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு படகுப் பாதைக்குக் காத்துநிற்கும் அவதி போயிற்று, தூரம் போகவில்லை. கந்தளாய் வயலில் விழுந்தவருக்கு அங்கேயே ஆதார வைத்தியசாலை உண்டு. ஆனால் மெசின் இருக்கிற இடத்துக்குத்தானே அவரை அனுப்பச் சொல்கிறீர்கள்? சரி, அதெல்லாம் வேண்டாம், உட்துறைமுகத்துக்குள்ளேயே ஒரு நாட்டாமை மூட்டையோடு சாய்கிறார் என்று வையுங்கள். கூட்டம் கூடி, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஓட்டோ பிடித்து, கதவடியில் தள்ளுவண்டி தேடி, பெயர் பதிந்து, சேலைன் ஏற்றி, கருவியைப் பூட்டுவதற்குள் எத்தனை நிமிடம்? எல்லாரும் ஓடி ஓடி வேலை செய்தாலும் கெடு வீதியிலேயே முடிந்துவிடுகிறது.

2. அந்தக் கருவி எந்த நோய்க்காகப் பிறந்தது என்று யாராவது விசாரித்ததுண்டா? இதயம் நின்று, திரும்ப இயங்கவைக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் கிடக்கும் நோயாளிகளுக்காக. 2002இல் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள், அப்படிப்பட்டவர்களின் உடலை 32 முதல் 34 பாகை வரை இறக்கி வைத்திருந்தால் மூளை தப்பும் வாய்ப்புக் கூடுகிறது என்றன. அதன்பின் குளிர்நீர் ஓடும் பசைத் தட்டுகளை உடம்பில் ஒட்டும் 'ஆர்ட்டிக் சன்' போன்ற கருவிகளுக்கும், தொடை நாளத்தில் செலுத்தும் குளிர்குழாய்களுக்கும் உலகமெங்கும் சந்தை விரிந்தது. அவற்றின் பெருமை வேகத்தில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க 33 என்றால் 33இலேயே நிறுத்தும், பிறகு மெல்ல மெல்ல ஏற்றும். பசைத் தட்டுக் கருவி இறக்குவது மணிக்கு ஒன்றிரண்டு பாகை. ஐஸ் தண்ணீர்த் தொட்டி அந்த வேலையைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். எரிகிற வீட்டுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் பூட்டுவதற்கு இத்தனை இலட்சம் செலவா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இதய நோயாளிகளுக்கே ஆழக் குளிர்வித்தல் அவசியமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. 2013இல் 939 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 33 பாகைக்கும் 36 பாகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2021இல் ஏறக்குறைய 1,900 பேரைச் சேர்த்த ஆய்வில், 33க்கு இறக்கியவர்களும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களும் ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒரே வீதத்தில் இறந்திருந்தார்கள். நாம் ஆசைப்படுகிற மெசின், தன் சொந்த ஊரிலேயே கேள்விக்குள்ளாகி நிற்கிறது.

3. ஐஸ் தண்ணீர் சூட்டை உள்ளே அடைத்துவிடும் என்பது யார் அளந்து சொன்னது? இது பழைய பாடப்புத்தகங்களிலும் இருந்த நம்பிக்கைதான், அதனால் நம்பியவர்களைப் பரிகசிக்கமாட்டேன். ஆனால் அளந்து பார்த்தாயிற்று. 2003இல் கனடாவில் புரூல்க்ஸ் குழுவினர், உடற்பயிற்சியால் சூடேறியவர்களை வெவ்வேறு குளிரில் இருந்த நீரில் இறக்கினார்கள். 2 பாகை நீரில் உள்வெப்பம் நிமிடத்துக்கு 0.35 பாகை இறங்கியது. 8, 14, 20 பாகை நீரில் 0.15க்கும் 0.19க்கும் இடையில். இரத்தக்குழாய் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் 41 பாகை உடலுக்கும் ஐஸ் நீருக்கும் உள்ள இடைவெளி அந்தச் சுருக்கத்தை மிஞ்சிவிடுகிறது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஒவ்வோர் ஓகஸ்ட் மாதமும் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் அங்கே வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரை ஓட்டம் முடியும் இடத்திலேயே குளிர்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்.

இதை விளக்க ஃபால்மவுத் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம், கொட்பே துறைமுகத்தில் நிற்கும் எந்தச் சம்மாட்டியைக் கேட்டாலும் சொல்லுவார். மீனுக்கு மேலே ஐஸைத் தூவினால் ஐஸ் தொட்ட இடம் மட்டும்தான் குளிரும். ஐஸையும் கடல்நீரையும் கலந்து குழம்பாக்கி அதற்குள் மீனை அமிழ்த்தினால் நடுமுள் வரை சீக்கிரம் குளிரும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்ற பௌதிகத்தை அவர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பலநாள் படகு ஒன்று கடலுக்குப் புறப்படும்போது ஐஸ் இல்லாமல் புறப்படுமா? அதே துறையடியில் ஒரு மனிதன் சூட்டில் விழுந்தால், மீனுக்கு இருக்கிற அறிவு மனிதனுக்கு மறந்துபோய், நெற்றியில் ஈரக் கைலேஞ்சி போடுகிறோம்.

கணக்கும் பெரிதல்ல. எழுபது கிலோ உடலை 42இலிருந்து 39 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 730 கிலோயூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போதே 334 கிலோயூலை விழுங்கிவிடும். தொட்டி நீரையும் குளிராக்க வேண்டும், வெயிலில் உருகுவதும் போக வேண்டும் என்று தாராளமாகப் பத்து மடங்கு போட்டாலும், துறைமுகத்தில் ஒரு கூலர் வண்டிக்காரர் கணக்கிலேயே எடுக்காத அளவு ஐஸ்.

4. ஈரத்துணியும் விசிறியும் போதாதா? சில நாள் ஓரளவு உதவும், சில நாள் கைவிடும். அதுதான் ஆபத்து. வியர்வையும் ஈரமும் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். மலைநாட்டைக் கடந்து இறங்கிவரும் கச்சான் வறண்ட காற்று. கந்தளாய்ப் பக்கம் அது வீசும் மத்தியானத்தில் ஈரத்துணி நன்றாகவே வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னேரம் கடற்காற்று திரும்பிவிட்டால் குடாவைச் சுற்றி உப்பும் ஈரமும் கலந்த காற்று. போட்ட சட்டை காயாது. காயாத துணி குளிர்விக்காது, போர்வையாகத்தான் கிடக்கும். மக்காவில் ஹாஜிகளுக்காக 1980இல் வீனரும் கோகலியும் வடிவமைத்த குளிரூட்டும் படுக்கை இந்த ஆவியாதலை நம்பித்தான் செய்யப்பட்டது: வலைமேல் படுக்கவைத்து நுண்துளியாய் நீர் தெளித்து, வெதுவெதுப்பான காற்றை வீசுவார்கள். அருமையான யோசனை, பாலைவனக் காற்றுக்கு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள், அந்த வெயிலும் நம் வெயிலும் ஒரே சாதி இல்லை என்பார்கள்.

ஐஸ் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்று கேட்பது நியாயம். கிணற்றுத் தண்ணீரில் தொடங்குங்கள். 2020இல் வந்த சர்வதேச முதலுதவிப் பரிந்துரை, கழுத்துக்குக் கீழே முழு உடலையும் 1 முதல் 26 பாகை வரையான நீரில் அமிழ்த்தச் சொல்கிறது. நம் கிணற்று நீர் அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியும் நிற்கலாம், ஆனாலும் ஐஸ் இல்லாத இடத்தில் கையில் உள்ளது அதுதான். தொட்டி இல்லையா? தறப்பாள் போதும். நாலு பேர் நாலு மூலையைத் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, தண்ணீரும் ஐஸும் ஊற்றி அசைத்துக்கொண்டிருப்பது அங்கீகரிக்கப்பட்ட முறை. இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாளுக்குள் குடும்பமே நடத்திய ஊர் நம்முடையது, தூக்கிப் பிடிக்கவா தெரியாது? கன்னியா வெந்நீரூற்றுக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள்.

5. பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்கிறவர்களுக்கு ஒரு வரி போதும்: கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்திவைக்கிறது, பனடோல் அந்த அளவை இறக்குகிறது. வெப்பத்தாக்கில் அளவு அப்படியே இருக்க, உடல் தோற்றுப்போகிறது. மாத்திரை பிடிக்க அங்கே எதுவும் இல்லை, ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்கு இன்னொரு சுமை அவ்வளவுதான். 2017இல் கிண்ணியாவை டெங்கு வாட்டியபிறகு, சுடும் உடம்பைக் கண்டால் காய்ச்சல் என்றே நினைக்கப் பழகிவிட்டோம். மழைக்காலத்தில் அந்தப் பழக்கம் நல்லது. மே மாத மத்தியானத்தில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அது டெங்கு இல்லை.

6. அளவு தப்பினால்? இதுதான் அவர்களின் ஆகப் பலமான கேள்வி, இதைச் சும்மா தாண்ட முடியாது. நினைவில்லாதவரைத் தனியே தொட்டியில் விட்டால் மூழ்கிவிடுவார். அக்குளுக்குக் கீழே சாரத்தைச் சுற்றி ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளவும், தலையும் மூச்சும் நீருக்கு வெளியே இருக்கவும் வேண்டும். 39 பாகைக்கு வந்ததும் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கீழே போய்க்கொண்டே இருக்கும். வேலை ஏதும் செய்யாமல் தகர வீட்டுப் புழுக்கத்திலேயே சூடேறிப்போகும் வயோதிபர்கள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு ஐஸ் தொட்டியின் பலன் இளைஞர்களுக்கு நிரூபிக்கப்பட்ட அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை. அவர்களைக் குளிர்விப்பதில் கூடுதல் கவனம் வேண்டும், தாமதம் வேண்டியதில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின் பார்த்தால், அளவு தப்பாமலிருக்க வேண்டியது என்ன? அளக்கிற கருவி. கொரோனாக் காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வியர்த்த தோலில் பொய் சொல்லும். அக்குள் வெப்பமானியும் குறைத்தே காட்டும். மலவாயில் வைத்து அளக்கும் சாதாரண வெப்பமானிதான் உண்மை சொல்லும், அதன் விலை ஒரு மீன் சாப்பாட்டின் விலையைச் சுற்றித்தான். கூச்சம்தான் நமக்கு விலை கூடியது. வெப்பமானி இல்லாவிட்டாலும் காத்திருக்கத் தேவையில்லை. நிமிடத்துக்கு 0.2 பாகை இறங்கும் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிட அமிழ்த்தல் இரண்டு பாகைக்கு மேல் இறக்கிவிடும். அதற்குள் 1990 வந்தாலும் வரும்.

7. 'நவீனக் கருவி வந்தால் நன்மைதானே, தீமை என்ன?' என்பார்கள். இதற்கான பதில் நம் நாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுக்களை 33.5 பாகையில் 72 மணித்தியாலம் குளிர்வித்து வைப்பது 2005க்குப் பிறகு பணக்கார நாடுகளில் வழக்கமான வைத்தியமாயிற்று. அங்கே அது குழந்தைகளைக் காப்பாற்றியது, சந்தேகமில்லை. நம் பக்கத்திலும் செய்து பார்க்காமல் இருக்கவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் பசைப் பொட்டலங்களை வைத்தும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் பொருளாலான மெத்தையை வைத்தும் சிறிய ஆய்வுகள் நடந்தன. பிறகு பெரிய ஆய்வு வந்தது, ஹீலிக்ஸ் என்று பெயர். இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் சேர்த்து ஏழு மருத்துவமனைகள். சென்னையும் இருந்தது, நம் றாகமவும் இருந்தது. 408 சிசுக்கள். மலிவுச் சாதனம் என்று யாரும் குறைசொல்ல முடியாதபடி, தானே வெப்பத்தைச் சரிசெய்யும் முறையான கருவியால் குளிர்வித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. குளிர்விக்கப்பட்ட 198 சிசுக்களில் 84 இறந்தன. வழமையான பராமரிப்பில் இருந்த 201இல் 63. நூற்றுக்கு 42, நூற்றுக்கு 31.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். கருவி பழுதில்லை, வைத்தியர்கள் சளைத்தவர்கள் இல்லை, ஆய்வு ஒழுங்காக நடந்தது. அப்படியிருந்தும் லண்டனில் காத்தது இங்கே காக்கவில்லை, கூடுதலான சாவோடு முடிந்தது. நம் குழந்தைகளின் மூளைக்காயம் வேறு நேரத்தில், வேறு விதமாக நேர்கிறதோ என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். குளிர்விப்பது நல்லதா என்ற கேள்விக்கு நோயாளி யார், காயம் எப்போது நேர்ந்தது, எத்தனை நிமிடம் போயிற்று என்று கேட்காமல் பதிலே கிடையாது. உழைத்துச் சூடேறியவனை உடனே குளிர்விப்பதற்குச் சான்று மலைபோல் இருக்கிறது, அதைச் செய்யமாட்டோம். சான்று கலங்கிக் கிடக்கிற இடத்துக்கான இயந்திரத்தை மட்டும் கேட்டு மனு எழுதுவோம்.

8. கடைசியாக, இந்த 'மெசின் இல்லை' பேச்சால் யாருக்கு இலாபம் என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் குறை என்றால் வேலைத்தளத்தில் குறையில்லை என்றாகிவிடுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் அடித்தளத்தில் ஆளை இறக்கிய குத்தகைக்காரர், நிலாவெளி உப்பளத்தில் நிழற்பந்தல் போடாத முதலாளி, ஓட்டப்போட்டியைக் காலை ஆறு மணிக்கு மாற்ற மறுத்த விளையாட்டுக் குழு, எல்லாரும் 'வசதியில்லாத மாவட்டம்' என்ற ஒரே குடைக்குள் நின்றுகொள்ளலாம். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் இறந்தான். மரணத்தின் காரணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் மக்களின் கோபம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றதை எல்லாரும் பார்த்தோம். ஓடும் பாதையின் முடிவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்திருக்க வேண்டும் என்று கேட்டவர் எத்தனை பேர்? ஐந்நூறு லீற்றர்ப் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு தறப்பாள், நாலு வெப்பமானி, பக்கத்து ஐஸ் தொழிற்சாலையோடு ஒரு வாய்ப்பேச்சு. கொட்பே, உட்துறைமுகம், சீனன்குடாவின் மா ஆலை, சீமெந்து ஆலை வாசல்கள், புல்மோட்டை என்று ஒவ்வோர் இடத்திலும் இவ்வளவையும் வைத்து, ஆளுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தாலும் அந்த ஒற்றை மெசினுக்குத் திரட்டும் காசில் மிச்சம் வரும். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். ஐஸுக்கும் மின்சாரம் வேண்டும்தான், ஆனால் உமிக்குள் மூடிய ஐஸ் மின்சாரம் போனபிறகும் நாள்கணக்கில் கிடக்கும்.

இதையெல்லாம் சொன்னால் கடைசியில் ஒரு முகச்சுளிப்பு வரும்: "மீன் ஐஸிலா மனிதனைப் போடுவது? அது சுத்தமான தண்ணீரா?" இல்லைதான். ஆனால் கழுத்துக்குக் கீழே போடச் சொன்னேன், குடிக்கக் கொடுக்கச் சொல்லவில்லை. மீன் நாற்றம் சவர்க்காரம் போட்டால் போய்விடும்.